சட்டசபைக்குப் போன கிணறு

புருஷன் கேட்ட கேள்விக்குப் பெண்டாட்டி ‘இல்லை’ என்று பதில் சொல்வது உலகத்தில் புதிதல்ல. ஆனால் அந்த ‘இல்லை’யை மூன்று பிரதி தட்டச்சு செய்து, உறையிலிட்டு, அரக்கு வைத்துச் சென்னைக்கு அனுப்பி வைத்தவள் கிருஷ்ணவேணி ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அது நடந்தது ஐப்பசி மாதம். கல்யாணமாகி இரண்டு மாதம் முடியவில்லை. கோவில்பட்டி ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மாடியில் இருந்த நிலத்தடி நீர் ஆய்வுத் தனி அலுவலகத்தில் அவள் டைப்பிஸ்ட். அவள் கணவன் சாமித்துரை நாலு தெரு தள்ளி ஓர் அச்சாபீஸில் தீப்பெட்டி லேபிள்களுக்கு மேனேஜர். பி.ஏ. படித்தவன். தமிழில் பேனாவைத் தொட்டால் எதுகையும் மோனையும் தானாக வந்து உட்காரும். தொகுதி எம்.எல்.ஏ. வன்னியபெருமாள் பருத்திக்காட்டில் பாடுபடும் சம்சாரி; மனிதர் தங்கம்; ஆனால் எழுத்து என்றால் அவருக்கு வேப்பங்காய். அதனால் அவர் சட்டசபையில் கேட்கும் கேள்விகளைச் சம்பளமில்லாமல் எழுதிக் கொடுக்கிற வேலையைச் சாமித்துரை ஏற்றுக்கொண்டிருந்தான்.

அந்த ஐப்பசியில் அவன் எழுதிய கேள்வி, சொந்த ஊரான நெடுங்கரிசலைப் பற்றியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரியில் துளை போடும் இயந்திரம் வந்தது. நெடுங்கரிசலில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் கரிசலைத் துளைத்து, சுக்கான்பாறையைத் துளைத்து, கிடைத்த தண்ணீரை யாரையும் ருசிபார்க்க விடாமல் சீசாவில் பிடித்துச் சீட்டு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. எந்த இடத்தில் நல்ல தண்ணீர், எந்த இடத்தில் உப்புத் தண்ணீர் என்று ஊருக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால் ‘ரகசியம்’ என்றார்கள். சர்க்கார் ரகசியம் என்று சொல்லிவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஆள் ஒன்று சொன்னார்கள். ஒருவர் பூமிக்குள் பெட்ரோல் ஓடுகிறது என்றார். இன்னொருவர் பட்டாளத்துக்குச் சுரங்கம் தோண்டப் போகிறார்கள் என்றார். பெண்கள் எதையும் நம்பாமல், வழக்கம்போல ஒன்றரை மைல் நடந்து அடுத்த ஊர் ஊருணியில் குடம் மொண்டு வந்தார்கள்.

‘கரிசல் காட்டுத் தாய்மார்களின் கண்ணீரைத் துடைக்க அரசு கருணை கொண்டு, ஆய்வு அறிக்கையை வெளியிட முன்வருமா? வருமெனில் எப்போது?’

இதுதான் சாமித்துரை எழுதிய கேள்வி. அது வன்னியபெருமாளின் பையில் ரயிலேறிச் சென்னை போயிற்று. அங்கே எண் போட்டு, இலாகாவுக்குப் போய், திருநெல்வேலிக்கு வந்து, கடைசியில் கோவில்பட்டியில் கிருஷ்ணவேணியின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வரவேண்டிய கேள்வி, எண்ணூறு மைல் சுற்றி வந்திருந்தது. ‘கண்ணீர்’, ‘கருணை’ இரண்டையும் பார்த்ததுமே அவளுக்கு யார் எழுத்தென்று தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் அவளுக்கு வந்த கடிதங்களிலும் இந்த இரண்டும் நிறைய இருந்தன.

தலைமைக் குமாஸ்தா அப்துல் ரவூப் கோப்பைப் புரட்டினார். மேல் அட்டையிலும் உள்ளே பதினான்கு பக்கத்திலும் சிவப்பில் ‘இரகசியம்’ என்ற முத்திரை. “முத்திரை இருக்கையில நாம என்னம்மா எழுத? வழக்கமா எழுதுததை எழுதிருவோம்” என்றவர், வாசகத்தைச் சொன்னார். அவள் தட்டினாள்.

‘முதல் பகுதிக்கு: இல்லை. இரண்டாம் பகுதிக்கு: கேள்வி எழவில்லை.’

ஒரு வாரம் கழித்து அந்தப் பதில் சபையில் வாசிக்கப்பட்டது. சாமித்துரை பத்திரிகையை மடித்து எறிந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

“எவனோ ஒரு கல்நெஞ்சன் உக்காந்து ‘இல்லை’ன்னு எழுதியிருக்கான் பாரு, வேணி! நான் ரெண்டு நாளா யோசிச்சு எழுதுன கேள்வி. அதுக்கு ஒத்த வார்த்தை!”

“இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?” என்றாள் கிருஷ்ணவேணி.

“உனக்குத் தெரியும்லா அந்த அறிக்கையில என்ன இருக்குன்னு?”

அவளுக்குத் தெரியும். முன்பிருந்த அதிகாரிகள் மாற மாற, அந்தப் பதினான்கு பக்கத்தை மூன்று தடவை அடித்தவள் அவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட ஒப்பிப்பாள். ஆனால் வேலையில் சேர்ந்த அன்றே அலுவலக ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதற்குச் சாட்சிக் கையெழுத்து அப்துல் ரவூப்புடையது. ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற மனிதர். அவளால் அவருக்கு ஒரு சொல் வரக்கூடாது.

“பொது நலன் கருதி வெளியிட இயலாது” என்றாள்.

அவன் முறைத்துப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் புதுச் சேலை எங்கே வாங்கினாய், பலகாரத்தை எங்கே ஒளித்து வைத்தாய் என்ற கேள்விகளுக்கெல்லாம் இதே பதில்தான்.

சிரிப்பு நின்றது தைப் பொங்கலுக்கு.

பொங்கலுக்கு நெடுங்கரிசல் போயிருந்தார்கள். மாமனார் கருத்தையா அந்தக் கோடையில் எப்படியும் ஒரு கிணறு வெட்டிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். ஊர்க்காரர்கள் கூலியில்லாமல் வெட்டிக் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். ஒரு கிணறுதான் வெட்ட முடியும்; இரண்டு கோடைக்கு ஊரில் யாருக்கும் தெம்பில்லை. எந்த இடம் என்பதுதான் தெரியவில்லை.

கிருஷ்ணவேணி அடுப்படியில் துவையலுக்கு வதக்கிக்கொண்டிருந்தாள். கருத்தையா மெல்ல வந்து நிலைப்படியில் சாய்ந்தார். பின்னால் மாமியார் பார்வதியம்மாள்.

“மருமகளே, நான் உங்கிட்ட ஒண்ணும் கேக்கல. நீ சர்க்கார் உத்தியோகம். கேட்டா தப்பு. நான் சும்மா எம்பாட்டுக்குப் பேசுதேன்.”

“பேசுங்க மாமா.”

“நீ சட்டியைப் பாரு. நாங்க உன் முகத்தைப் பாக்கோம். முகத்தைப் பாக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

“இவியளுக்குப் புத்தி போகுத போக்கைப் பாரு” என்றாள் பார்வதியம்மாள். ஆனால் அவளும் நகரவில்லை.

“கெழக்கோடை...” என்றார் கருத்தையா. கிருஷ்ணவேணி பருப்பைக் கிளறினாள். “பனையடிப் புஞ்சை...” கிளறினாள். “நம்ம வடக்குப் புஞ்சை...”

வடக்குப் புஞ்சை, துளை எண் நான்கு, பக்கம் ஆறு. குடிக்கவும் உதவாது, பயிருக்கும் உதவாது. கடல் தண்ணீருக்குத் தம்பி. அந்தப் பக்கம் கண்முன் வந்து நின்றதும் அவளுக்கு முகம் மாறப் போகிறது என்று தெரிந்துவிட்டது. சட்டென்று கையில் இருந்த வற்றல் மிளகாய் அத்தனையையும் காய்ந்த சட்டியில் கொட்டினாள். நெடி கிளம்பியது. கருத்தையா இருமினார், பார்வதியம்மாள் தும்மினாள், கிருஷ்ணவேணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். தப்பித்தோம் என்று நினைத்தாள்.

கொல்லைவாசலில் நின்றவளின் காதில் மாமனாரின் குரல் இருமலுக்கு நடுவே விழுந்தது.

“பாத்தியா! வடக்குப் புஞ்சைன்னதும்... பிள்ளை பதறிட்டா! நல்ல தண்ணி அங்கனதான் கெடக்கு! முகத்துல தெரிஞ்சிரும்னு மிளகாயைப் போட்டு மறைக்கா. எங்கிட்டயா நடக்கும்!”

கிருஷ்ணவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் போய் ‘அங்கே இல்லை மாமா’ என்று சொன்னால் அறிக்கையைச் சொன்னதாகும். சொல்லாமல் இருந்தால், ஒரு ஊரே சேர்ந்து அவள் முகத்தை நம்பி உப்புத் தண்ணீரைத் தோண்டும்.

கோவில்பட்டிக்குத் திரும்பும் முன் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, “மாமா, கிணத்தை ஒரு வருசம் பொறுத்து வெட்டுனா என்ன?” என்று கேட்டுப் பார்த்தாள்.

கருத்தையா கண்ணைச் சிமிட்டினார். “புரியுது தாயி. வெளியில தெரிஞ்சா போட்டி வந்துரும்கே. பங்குனி ஏழாம் தேதி நாள் பாத்துட்டேன். சாயங்காலம் நாலரைக்குப் பூசை. மத்தவன் முழிக்குமுன்ன வெட்டிப்பிடுதேன்.”

 வீட்டுக்கு வந்ததும் கிருஷ்ணவேணி, சாமித்துரை அடுக்கி வைத்திருந்த சட்டசபை நடவடிக்கைப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வன்னியபெருமாள் படிக்காமல் கொடுத்தவை. சாமித்துரையும் தன் கேள்வி வந்த பக்கத்தை மட்டுமே படித்திருந்தான். அவள் கேள்விகளை விட்டுவிட்டுப் பதில்களை வரிசையாகப் படித்தாள். படித்து முடிக்க நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் காலை அவனுக்குக் காப்பி கொடுக்கும்போது ஆரம்பித்தாள்.

“ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“உங்க கேள்வியில கண்ணீரை எடுத்துருங்க.”

“ஏன்?”

“கண்ணீரைத் துடைப்பீங்களான்னு கேட்டா, ‘இல்லை’ன்னு எழுதுதது சுளுவு. இந்தப் புஸ்தகத்துல பாருங்க. முன்வருமா, ஆவன செய்யுமா, கருணை காட்டுமா... எல்லாத்துக்கும் ‘இல்லை’, ‘பரிசீலனையில் உள்ளது’. யாரு, எந்தத் தேதி, எந்த உத்தரவுன்னு கேட்டவங்களுக்கு மட்டும்தான் முழுப் பதில் வந்திருக்கு. அதுக்கு ‘இல்லை’ன்னு எழுத முடியாதுல்லா?”

சாமித்துரை தம்ளரைக் கீழே வைத்தான். “என் தமிழை ஒரு டைப்பிஸ்ட் திருத்துதா.”

“ஆமா. திருத்துதா.”

“அறிக்கையில என்ன இருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டா.”

“மாட்டா. பதிலைச் சொன்னாத்தான் தப்பு. இப்படிக் கேளுங்கன்னு சொல்லுததுக்கு எந்தச் சட்டத்துலயும் தண்டனை இல்ல. ரகசியத்தைக் கேக்காதீங்க. அது ஏன் ரகசியம்னு கேளுங்க.”

அவன் அன்று டிபன் பாத்திரத்தை எடுக்காமல் அச்சாபீஸுக்குப் போனான். மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பசி தாங்காமல் எடுத்துப்போனான். சாயங்காலம் திரும்பி வந்த காலிப் பாத்திரத்துக்குள் ஒரு காகிதம் மடித்திருந்தது. கண்ணீர் இல்லை, தாய்மார்கள் இல்லை, மோனைகூட இல்லை. மூன்றே வரிகள்.

‘அறிக்கை ரகசியமானது என்று முடிவு செய்த அதிகாரி யார்? அந்த உத்தரவின் எண்ணும் தேதியும் என்ன? அதில் கூறப்பட்ட காரணம் என்ன?’

கீழே சின்ன எழுத்தில், ‘மொட்டையாக இருக்கிறது. உனக்காக’ என்று எழுதியிருந்தான். கிருஷ்ணவேணி அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தினாள். அவன் எழுதியதிலேயே அழகான கடிதம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

மாசிக் கடைசியில் அந்த மூன்று வரியும் பழையபடி ஊர் சுற்றி அவள் மேஜைக்கு வந்தது. பங்குனி ஏழாம் தேதி சபையில் பதில் சொல்லியாக வேண்டும் என்று மேலே குறித்திருந்தார்கள். அதே பங்குனி ஏழு. கிருஷ்ணவேணி தேதியை இரண்டு தடவை படித்தாள். எழுந்து அப்துல் ரவூப் முன்னால் போய் நின்றாள்.

“சார், இந்தக் கேள்வியை எழுதுனது எங்க வீட்டுக்காரர். அதனால இதை நான் அடிக்கலாமான்னு தெரியல.”

ரவூப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “அவர்தான்னு போன தடவையே தெரியும்மா. அவ்வளவு கண்ணீரு எம்.எல்.ஏ.க்கு வராது. நீ அறிக்கையிலருந்து ஏதாவது சொன்னியா?”

“ஒரு வார்த்தை சொல்லல சார்.”

“முகத்தால?”

அவள் தலையைக் குனிந்தாள். “அங்கதான் சார் கோளாறாயிட்டு.” மிளகாய்க் கதையைச் சொன்னாள். எந்தப் புஞ்சை என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

ரவூப் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பாவம்மா அந்த மனுசன். போய் உக்காரு. நீயே அடி. நான் உத்தரவைத் தேடுதேன்” என்றார்.

உத்தரவு கிடைக்கவில்லை. கோப்பில் இல்லை, பீரோவில் இல்லை, பரண்மேல் இல்லை. அலுவலகத்தின் அதிகாரி மாயகிருஷ்ணன், வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆன இளம் என்ஜினீயர். பார்க்கிற இடமெல்லாம் சிவப்பு முத்திரையாக இருக்கிறதே என்று அவருக்கு வியர்த்தது. வாளிகள் எத்தனை என்ற பட்டியலில் ‘இரகசியம்’. சீசாக்களுக்குச் சீட்டு ஒட்டும் விதத்தில் ‘இரகசியம்’. சுவர்க்கடிகாரத்துக்கு யார் என்றைக்குச் சாவி கொடுப்பது என்ற அட்டவணையிலும் ‘இரகசியம்’.

“என்ன சார் இது? கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறதுல என்ன ரகசியம்?”

ரவூப் தொண்டையைக் கனைத்தார். “அது சார், இந்த ஆபீஸ் தொடங்கையில பட்டாளத்துல இருந்து ஒரு மேஜர் வந்தாக. ரொம்ப ஒழுங்கு. வந்த அன்னைக்கே முத்திரை எங்கேன்னு கேட்டாக. மதுரையில சொல்லி ஒரு முத்திரைதான் செஞ்சு வந்திச்சு. அது இதுதான். வேற இல்ல. முத்திரை இல்லாத காயிதம் செல்லாதுன்னு அவிய எல்லாத்துலயும் குத்தச் சொன்னாக. நானும் குத்துனேன். பொறவு அவிய போயிட்டாக. பின்னால வந்தவங்க முத்திரையைப் பாத்துப் பயந்துக்கிட்டாங்க.”

“நீங்க சொல்லியிருக்கலாமே?”

“யாரும் கேக்கலையே சார்” என்றார் ரவூப். சொல்லிவிட்டு அந்த முத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்தார். “முதல் கேள்விக்கே நான் தேடியிருக்கணும். முத்திரையைப் பாத்தேன், ‘இல்லை’ன்னு எழுதிட்டேன். அது என் தப்புதான்.”

மாயகிருஷ்ணன் எழுந்து நடந்தார். “இப்பவும் ‘பொது நலன் கருதி’ன்னு போட்டுருவோமே? உத்தரவே இல்லைன்னு எழுதினா அமைச்சர் சபையிலே எப்படி வாசிப்பார்?”

“எந்தப் பொது நலன்னு அடுத்த கேள்வி வரும் சார். நாம பொய் எழுதிக் குடுத்து, அமைச்சர் அதைச் சபையில வாசிச்சுட்டாருன்னா, அது சபையை ஏமாத்துனதா உரிமைப் பிரச்சினையாயிரும். அதுக்குப் பதில் எழுத நம்ம ரெண்டு பேரும் இங்கன இருக்க மாட்டோம்.”

மாயகிருஷ்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். “அம்மா, அடிங்க” என்றார்.

‘அறிக்கையில் இரகசிய முத்திரை காணப்படுகிறது. அவ்வாறு முத்திரையிட எந்த அதிகாரியும் எழுத்து மூலம் உத்தரவிட்டதாகக் கோப்பில் இல்லை. காரணம் எதுவும் பதிவாகவில்லை.’

கிருஷ்ணவேணி அந்த மூன்று வாக்கியத்தை அடித்ததுபோல் வாழ்நாளில் எதையும் சுத்தமாக அடித்ததில்லை.

பங்குனி ஏழாம் தேதி விடிந்தது. வேலை ஓடவில்லை. பத்து மணிக்கு ஒருமுறை, பதினொரு மணிக்கு ஒருமுறை சன்னல் பக்கம் போய் வந்தாள். பதில் வாசித்தால் போதுமா? அறிக்கையை வெளியிட்டால்தானே ஆச்சு? ‘ஆலோசிக்கிறோம்’ என்று அமைச்சர் சொல்லிவிட்டால் சாயங்காலம் நாலரைக்குக் கடப்பாரை வடக்குப் புஞ்சையில் இறங்கிவிடும்.

பன்னிரண்டரைக்குச் சாமித்துரை சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மாடிப்படி ஏறி வந்தான். கையில் வன்னியபெருமாளின் தந்தி.

“வேணி! சபையே சிரிச்சிட்டாம்!”

“முழுசாப் படிங்க.”

“‘அறிக்கை வெளியாயிற்று.’ போதுமா?”

“வெளியிடுவோம்னு சொன்னாங்களா, வெளியிட்டுட்டாங்களா?”

“ஏட்டி, தந்தியில ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. அதுக்குள்ள நீ குறுக்கு விசாரணை செய்யுதியே!”

ரவூப் தந்தியை வாங்கிப் பார்த்தார். அதில் இன்னும் ஒரு வரி இருந்தது. சாமித்துரை அவசரத்தில் படிக்காமல் விட்டிருந்தான். ‘இன்று காலை பிரதி சபை மேஜையில் வைக்கப்பட்டது.’

விவரம் பின்னால் வன்னியபெருமாள் சொல்லித்தான் தெரிந்தது. அமைச்சர் பதிலை வாசித்ததும் அவர் எழுந்து, “உத்தரவே போடாத ரகசியத்தை ரெண்டு வருசமா யாருய்யா காவல் காத்தது?” என்று தன் சொந்த வாயாலேயே துணைக் கேள்வி கேட்டிருக்கிறார். சபை சிரித்திருக்கிறது. அமைச்சரும் சிரித்துவிட்டு, “ஒரு ரப்பர் முத்திரை” என்று சொல்லி, கையோடு கொண்டுவந்திருந்த பிரதியை மேஜையில் வைத்துவிட்டார்.

ரவூப் தந்தியைக் கிருஷ்ணவேணியிடம் நீட்டினார். “சபை மேஜைக்கு வந்துட்டா அது ஊர்ச் சொத்தும்மா. நீ என்கிட்டக் கேக்க வேண்டியதே இல்ல. பிரதி இங்கருந்து எடுத்துட்டுப் போக மட்டும் மேலருந்து காயிதம் வரணும்.”

“பிரதி எதுக்கு சார்?” என்றாள் அவள். கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

“ஓடு. லீவுச் சீட்டை நான் எழுதுதேன்.”

எட்டயபுரம் பஸ் அன்றைக்கென்று இரண்டு மணி நேரம் தாமதம். ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கும்போது மணி நாலு. அங்கிருந்து ஒரு மைல் வண்டிப்பாதை. வெடித்துக் கிடந்த கரிசலில் கிருஷ்ணவேணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சாமித்துரை பின்னால் மூச்சு வாங்கினான்.

“இப்பவாவது சொல்லேன். வடக்குப் புஞ்சை நல்லதா கெட்டதா?”

“நடந்துக்கிட்டே சொன்னா ஒருத்தருக்குத்தான் கேக்கும். ஊருக்குப் போய்ச் சொல்லுதேன்.”

வடக்குப் புஞ்சையில் ஊரே கூடியிருந்தது. மஞ்சளில் பிள்ளையார், வாழைப்பழம், பத்தி. கருத்தையா தலையில் துண்டு கட்டி, கையில் தேங்காயோடு நின்றார். ஓடிவருகிற மருமகளைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல்.

“வா தாயி, வா! உன் கையாலயே உடை!”

“உடைக்காதீங்க மாமா!” அவளுக்கு மூச்சு இரைத்தது. “அறிக்கை வெளியாயிட்டு. சபையில வச்சுட்டாங்க. இப்போ சொல்லலாம். இது உப்புத் தண்ணி.”

கடப்பாரை தூக்கியவர்கள் அதைக் கீழே ஊன்றினார்கள்.

“உப்பா?” என்றார் கருத்தையா. “பொறவு எதுக்குத் தாயி அன்னைக்கு வடக்குப் புஞ்சைன்னதும் மிளகாயைக் கொட்டுன?”

“உப்புன்னு முகத்துல தெரிஞ்சிருமேன்னுதான் மாமா.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கருத்தையா அந்தப் பக்கம் திரும்பி முறைத்தார். முறைப்பு நிலைக்கவில்லை.

“காயிதம் எங்கே?” என்று கேட்டார் முப்பிடாதி, அடுத்த புஞ்சைக்காரர். “வாய்ப்பேச்சை நம்பி இடத்தை மாத்தவா?”

கிருஷ்ணவேணி முந்தானையை இழுத்துச் செருகினாள். கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நிமிர்ந்து நின்று, ஆரம்பித்தாள்.

“பக்கம் ஆறு. துளை எண் நான்கு. இடம், வடக்குப் புஞ்சை, கருத்தையா வகையறா. கரிசல் ஒன்பது அடி, சுக்கான்பாறை பதினாலு அடி. முப்பத்தெட்டாவது அடியில் நீர். உவர்ப்பு மிகுதி. குடிக்க உதவாது. பாசனத்துக்கும் உதவாது. பக்கம் ஏழு. துளை எண் ஐந்து. பனையடிப் புஞ்சை...”

நிறுத்தாமல் சொன்னாள். அடி, அங்குலம், பாறையின் நிறம், சீசாவின் எண் என்று எதையும் விடவில்லை. துளை போட்ட அன்று கூட நின்று வேடிக்கை பார்த்தவர்கள் நடுநடுவே தலையாட்டினார்கள். “ஆமாலே, அங்கன செவப்புப் பாறைதான் வந்திச்சு” என்றார் ஒருவர். முப்பிடாதி தன் நிலத்தின் பேர் வந்ததும் துண்டை இடுப்புக்கு இறக்கினார். அதுவும் உப்புதான்.

சாமித்துரை வாயைத் திறந்தபடி நின்றான். ஆறு மாதமாகத் தன் பக்கத்தில் படுத்துத் தூங்கிய தலைக்குள் இத்தனையும் இருந்திருக்கிறது!

“பக்கம் பதினொன்று. துளை எண் ஒன்பது. இடம், மந்தைப் புறம்போக்கு, மாட்டுத் தொட்டிக்கு மேற்கே இருபத்திரண்டு கெஜம். நாற்பத்தாறாவது அடியில் நீர். சுவை நன்று. மூன்று நாள் இறைத்தும் மட்டம் குறையவில்லை. குடிநீர்க் கிணற்றுக்கு ஏற்ற இடம்.”

“மந்தையிலயா?” என்று பத்துக் குரல் ஒரே நேரத்தில் எழுந்தது. அப்புறம் ஆளுக்கு ஆள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எத்தனை அடி, எங்கே கல், எங்கே மண், என் நிலத்தில் ஏன் துளை போடவில்லை, அந்தச் சீசாவெல்லாம் இப்போது எங்கே. பார்வதியம்மாள் நடுவில் புகுந்து இரண்டு கையையும் உயர்த்தினாள்.

“ஒவ்வொருத்தரா கேளுங்க! பிள்ளைக்கு வாய் ஒண்ணுதான் இருக்கு. முப்பிடாதி அண்ணாச்சி, நீங்க பொறவு. முதல்ல பொம்பளைய கேக்கட்டும், தண்ணி சுமக்கது அவியதான்.”

கருத்தையா இது எதையும் கவனிக்கவில்லை. தேங்காயைக் கையில் உருட்டியபடி வடக்குப் புஞ்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த நிலத்தில் ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற கிணறு, சுவரில் தன் பெயர் என்றெல்லாம் ஆசைப்பட்டிருந்தார் மனிதர். மந்தை புறம்போக்கு. அங்கே யார் பெயரும் ஏறாது. கிருஷ்ணவேணிக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

“மாமா...”

“ஏன் தாயி, அது மூணு நாள் எறைச்சும் கொறையலையா?”

“கொறையல மாமா.”

“கோடையிலயா எறைச்சாக?”

“சித்திரையில. தேதிகூட இருக்கு. பன்னெண்டு, பதிமூணு, பதினாலு.”

கருத்தையா பிள்ளையாரை ஒரு வெற்றிலையில் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். “எலே, நல்ல நேரம் அஞ்சேகால் வரைக்கும் இருக்கு. கடப்பாரையைத் தூக்குங்கலே! பழத்தை எடுங்க. ஏ சாமித்துரை, என்னலே முழிச்சுக்கிட்டு நிக்கே, அந்தக் கூடையை எடு!”

ஊர் மொத்தமும் புஞ்சையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மந்தைக்கு நடந்தது. முன்னால் பிள்ளையாரோடு கருத்தையா. அவருக்குப் பின்னால், இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டே வருகிற பெண்கள் நடுவே கிருஷ்ணவேணி. மந்தைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் விழித்தாள். எத்தனையோ தடவை தட்டச்சு செய்த இடம், கண்ணால் பார்த்ததில்லை.

“அத்தை, மாட்டுத் தொட்டி எங்கன இருக்கு?”

“இந்தா, உன் காலடியிலதான்” என்றாள் பார்வதியம்மாள். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். மேற்கே வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் தொட்டியின் விளிம்பில் குதிகாலை வைத்து, கெஜத்துக்கு ஓர் எட்டாக ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டு நடந்தார்கள். ஐந்தாவதில் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பத்தில் ஆண்களும் சேர்ந்தார்கள். இருபத்திரண்டு என்று ஊரே கத்தியபோது கருத்தையா அந்த இடத்தில் தேங்காயை உடைத்தார்.